அப்பா செய்யும் வேலை நலமுரண் ஆகுமா?

கடந்த ஏப்ரலில், தலித் வரலாற்று மாதத்தை ஒட்டி, எங்கள் படிப்பு வட்டத் தோழர்கள் எட்டுப் பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் கட்டுரைகளைத் திருத்தினோம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் அழிக்கலாம் என்ற வகையிலானது அது. இரண்டு மடிக்கணினி, மற்றவர்களுக்குக் கைப்பேசி. நம் கதையை நாமே எழுதுவோம் என்பதுதான் அன்றைய முழக்கம். சாயங்காலத்துக்குள் இரண்டு இடங்களில் அடி வாங்கினோம்.

முதல் அடி, மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு தோழருக்கு. அவருடைய அப்பா நகராட்சியில் தூய்மைப் பணியாளர். கையால் மலம் அள்ளுதல் பற்றிய கட்டுரையை அவர் திறந்தார். இந்த வேலையால் இறப்பு எதுவும் பதிவாகவில்லை என்று ஒன்றிய அரசு 2021-இல் நாடாளுமன்றத்தில் சொன்ன பதில் அங்கே ஒரு வரியாக இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் எந்த விளக்கமும் இல்லை. தோழருக்கு ஆத்திரம் வந்துவிட்டது. மலக்குழியில் இறங்கிச் சாகிறவர்களை அரசு இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை, ஆகவே இது பொய்க் கணக்கு என்று நாலு வரி எழுதிச் சேர்த்தார். அரை மணி நேரத்துக்குள் அது காணாமல் போனது. பேச்சுப் பக்கத்தில் முகம் தெரியாத ஒருவர் குறிப்பு வைத்திருந்தார்: நீங்கள் தூய்மைப் பணியாளர் குடும்பம் என்று உங்கள் பயனர் பக்கத்திலேயே எழுதியிருக்கிறீர்கள், இந்தத் தலைப்பில் உங்களுக்கு நலமுரண் இருக்கிறது, விலகி நில்லுங்கள் என்று.

தோழர் அதைச் சத்தமாகப் படித்தார். யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இரண்டாவது அடி எங்கள் எல்லோருக்கும். எங்கள் அமைப்பைப் பற்றி அதே களஞ்சியத்தில் ஒரு பக்கம் உண்டு. அதன் தலையில் எச்சரிக்கைப் பலகை ஒன்று தொங்கியது. இதை எழுதியவருக்கும் பொருளுக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதாகத் தெரிகிறது என்று பலகை சொன்னது.

இரண்டையும் ஒரே சதியாகத்தான் அன்றைக்குப் பார்த்தோம். தேநீர் வரும்வரை கத்தித் தீர்த்தோம். ‘இணையத்திலும் இரட்டைக் குவளை’ என்ற தலைப்பில் ஒரு பதிவும் பாதி எழுதியாயிற்று. நல்லவேளை, அதை வெளியிடவில்லை. இரண்டு அடியும் ஒரே கையிலிருந்து வந்தவையல்ல என்பது விதிகளை உட்கார்ந்து படித்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

இந்த வகைக் களஞ்சியங்களுக்கெல்லாம் முன்மாதிரி விக்கிப்பீடியா. 2001 ஜனவரியில் ஆங்கிலத்திலும், 2003 செப்டம்பரில் தமிழிலும் தொடங்கியது. மற்றவர்கள் பெரும்பாலும் அதன் விதிகளைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே அங்கே நலமுரண் என்று எதைச் சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.

ஊராட்சி மன்ற உறுப்பினர் ஒருவர் தன் மச்சானுக்குச் சாலை ஒப்பந்தம் தரும் தீர்மானத்துக்குக் கை தூக்குகிறார். மச்சான் நல்ல சாலையே போடலாம். உறுப்பினரும் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனாலும் அந்தத் தீர்மானத்தில் அவர் கை தூக்கக் கூடாது. கெட்ட எண்ணத்தை நிரூபிக்க வேண்டிய தேவையே இல்லை, அவர் நிற்கும் இடமே போதும். அதுதான் நலமுரண். உன்னைப் பற்றி, உன் குடும்பத்தார், நண்பர், முதலாளி, வாடிக்கையாளர் பற்றி, உனக்குப் பணம் தருகிறவரைப் பற்றி நீயே கட்டுரை எழுதாதே என்கிறது விக்கிப்பீடியாவின் வழிகாட்டல். காசு வாங்கி எழுதுகிறவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது 2014 முதல் பயன்பாட்டு விதியாகவே இருக்கிறது.

அதே வழிகாட்டலில் இன்னும் இரண்டு செய்திகள் இருக்கின்றன. எங்கள் தோழருக்குக் குறிப்பு எழுதியவர் அவற்றைப் படிக்கவில்லை, அல்லது படித்தும் சொல்லவில்லை. ஒருவருக்கு ஒரு கருத்தோ நம்பிக்கையோ இருப்பது மட்டும் நலமுரண் ஆகாது என்பது ஒன்று. ஒரு துறையை அறிந்தவர் அந்தத் துறையில் எழுதுவது வரவேற்கத்தக்கது என்பது மற்றொன்று. மருத்துவர் காசநோயைப் பற்றி எழுதலாம். தான் நடத்தும் மருத்துவமனையைப் பற்றி எழுதக் கூடாது. அறிவு வேறு, ஆதாயம் வேறு.

இதை வைத்துப் பாருங்கள். மலக்குழி மரணம் பற்றி எழுதினால் எங்கள் தோழருக்கு என்ன ஆதாயம்? சம்பளம் கூடுமா, அப்பாவுக்குப் பதவி உயர்வு வருமா? அவருக்கு இருப்பது அந்த வேலையைப் பற்றிய அறிவு. எந்தக் குழியில் எவ்வளவு ஆழத்தில் காற்று நிற்கும், ஒப்பந்தக்காரர் எந்த நேரத்தில் ஆளைக் கூப்பிடுவார், இறந்தவரின் பெயர் எந்தப் பதிவேட்டில் வராது என்பதெல்லாம் அந்த வீட்டில் சோற்றுத் தட்டு முன்னால் பேசப்படுகிற விஷயங்கள். பொறியாளர் ஒருவர் இதையே சொன்னால் நிபுணத்துவம். குழியில் இறங்குகிறவரின் மகன் சொன்னால் நலமுரண். இந்தக் கணக்கை நாம் ஏற்க முடியாது.

ஆய்வுலகில் இது பழைய சண்டை. தலித்துகள் அனுபவத்தைத் தருவார்கள், கோட்பாட்டை வேறு யாரோ செய்வார்கள் என்ற வேலைப் பிரிவினையை கோபால் குரு 2002-இலேயே கேள்வி கேட்டு எழுதினார். அந்தப் பிரிவினை இணையத்தில் இன்னும் ஒரு படி கீழே இறங்கியிருக்கிறது. அனுபவத்தைக்கூடத் தராதே, நீ சம்பந்தப்பட்டவன் என்கிறது.

தீண்டாமையில் சம்பந்தப்படாதவர் என்று இந்த நாட்டில் யார் இருக்கிறார்? சேரியில் பிறந்தவருக்கு மட்டும்தான் சாதி இருக்கிறதா? ஊர்த்தெருவில் பிறந்து சாதி பற்றி எழுதுகிறவர் எந்த மேகத்திலிருந்து குதித்தார்? தன் சாதியைச் சொல்லாமல் இருக்க முடிகிற வசதியே நடுநிலை என்ற பெயரில் செல்லுபடியாகிறது. பயனர் பக்கத்தில் உண்மையைச் சொன்ன தோழருக்குக் குறிப்பு வந்தது. சொல்லாமல் எழுதுகிற நூறு பேருக்கு வரவில்லை.

இதைச் சொன்னதும் கூட்டத்தில் ஒருவர், அப்படியானால் ஆதிக்கச் சாதிக்காரர்கள் நம்மைப் பற்றி எழுதவே கூடாது என்று நாமும் கேட்கலாமே என்றார். கைதட்டலும் கிடைத்தது. நாங்கள் அதை ஒப்பவில்லை. பிறப்பை வைத்து நம்மை விலக்குவது தவறு என்றால், பிறப்பை வைத்து அவர்களை விலக்குவதும் அதே தவறுதான். அண்ணல் அம்பேத்கர் 1916-இல், 25 வயதில், கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் சாதி பற்றிய தன் முதல் ஆய்வை வாசித்தார். செனார்ட், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேட்கர் என்று அதுவரை சாதிக்கு வரையறை சொன்னவர்களை வரிசையாக எடுத்துவைத்து, எது எங்கே ஓட்டை என்று காட்டினார். அந்த நால்வரில் அவர் பாராட்டிப் பேசியது கேட்கரை. இந்த மண்ணைச் சேர்ந்தவர் என்பதால் கூர்மையும் திறந்த மனமும் அவரிடம் இருப்பதாகச் சொன்னார். அந்தக் கேட்கர் ஒரு பிராமணர். (பின்னாளில் மராத்தியில் 23 தொகுதிகள் கொண்ட கலைக்களஞ்சியத்தைத் தொகுத்தவரும் இவர்தான். நம் பேச்சுக்குப் பொருத்தமான ஆள்.) பாராட்டியதோடு அண்ணல் நிற்கவில்லை, கேட்கரின் வரையறையில் இருந்த குழப்பத்தையும் பிரித்துக் காட்டினார். அகமணமே சாதியின் சாரம் என்ற தன் முடிவுக்கு அந்த வழியாகத்தான் வந்தார். நான் பட்டவன், ஆகவே நான் சொல்வதை நம்பு என்று அந்தக் கட்டுரையில் அவர் எங்கும் கேட்கவில்லை.

ஆங்கில விக்கிப்பீடியாவில் சாதிக் கட்டுரைகளின் ‘வரலாறு’ பொத்தானை அழுத்திப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதவர்கள் பாருங்கள். எங்கள் குலம் சத்திரிய குலம், எங்கள் முன்னோர் அரசர் என்று ஒருவர் சேர்ப்பார், இன்னொருவர் அழிப்பார், மறுபடி ஒருவர் சேர்ப்பார். தொல்லை தாங்காமல் 2012 முதலே சாதிக் கட்டுரைகளுக்கென்று சிறப்புக் கட்டுப்பாடுகள் கொண்டுவந்தார்கள். அங்கே அனுபவமுள்ள தொகுப்பாளர்கள் பின்பற்றும் இன்னொரு நடைமுறை உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்து இனவரைவியல் நூல்களைச் சான்றாக ஏற்பதில்லை. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட ஏழு தொகுதி தென்னிந்தியச் சாதிகள் நூலும் அதில் அடங்கும். மூக்கை அளந்து மனிதரை வகைப்படுத்திய காலத்து நூல்கள் அவை. சாதிப் பெருமை பேசுகிறவர்கள் தூக்கிக்கொண்டு வருவதும் அவற்றைத்தான்.

அந்தப் பெருமைத் தொகுப்புகளை எப்படி நிறுத்தினார்கள்? நீ இந்தச் சாதி, எழுதாதே என்று சொல்லி அல்ல. உன் சான்று எங்கே, அது எந்தக் காலத்து நூல், யார் சரிபார்த்தது என்று கேட்டுத்தான். இந்தக் கேள்வி நமக்கு எதிரான ஆயுதம் என்று நினைக்காதீர்கள். இத்தனை காலமாக நாம் புராணங்களைப் பார்த்துக் கேட்டு வந்த கேள்வி இது.

ஆதாயத்துக்காகக் களஞ்சியத்தை வளைப்பது எப்படியிருக்கும் என்பதற்கும் நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. ஐஐபிஎம் என்ற மேலாண்மைக் கல்வி நிறுவனம் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்த காலம் பலருக்கு நினைவிருக்கும். ஆங்கில விக்கிப்பீடியாவில் நிர்வாகி பொறுப்பிலேயே இருந்த ஒரு பயனர், அந்நிறுவனம் தொடர்பான பக்கங்களை ஆண்டுக்கணக்கில் சார்பாகத் தொகுத்து வந்ததாக 2015 பிப்ரவரியில் அங்குள்ள நடுவர் குழு முடிவு செய்து, அவரை வெளியேற்றியது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், 2014 செப்டம்பரில், அந்நிறுவனம் எம்பிஏ போன்ற படிப்புகளை நடத்தக் கூடாது என்று டெல்லி உயர்நீதிமன்றம் சொல்லியிருந்தது. கடன் வாங்கிப் பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன்னால் எத்தனை பெற்றோர் அந்தப் பக்கத்தைப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். நலமுரண் விதி யாரைக் காப்பாற்ற இருக்கிறது என்பது அப்போது தெரியும். முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலைத் தொடும் பிள்ளைகளுக்குக் கேட்டு விசாரிக்க மாமாவும் சித்தப்பாவும் இல்லை. இணையத்தில் வருவதுதான் அவர்களுக்குத் தகவல்.

ஆகவே எங்கள் அமைப்பின் பக்கத்துக்கு வருவோம். அதை எழுதியது நாங்கள். ‘ஒடுக்கப்பட்ட மக்களின் விடிவெள்ளி’ என்று எங்களை நாங்களே அழைத்துக்கொண்டிருந்தோம். சான்று என்று ஐந்து இணைப்புகள். ஐந்தும் எங்கள் முகநூல் பக்கத்துக்கே போயின. நன்கொடை கேட்டு வெளியூர் நண்பர்களுக்குக் கடிதம் எழுதும்போது, எங்களைப் பற்றிக் களஞ்சியத்திலேயே இருக்கிறது பாருங்கள் என்று அந்த இணைப்பையும் அனுப்பியிருக்கிறோம். அது ஆதாயம் இல்லாமல் வேறென்ன? மச்சானுக்கு ஒப்பந்தம் கொடுத்த உறுப்பினருக்கும் எங்களுக்கும் அந்த ஒரு விஷயத்தில் வித்தியாசம் இல்லை. பலகை மாட்டியவர் சரியாகத்தான் மாட்டினார். நல்ல நோக்கத்துக்காக இயங்கும் அமைப்பு என்பதால் விதியிலிருந்து விலக்குக் கேட்கும் பழக்கம் நம் இயக்கங்களில் நிறையவே இருக்கிறது. இதைப் படிக்கும் தோழர்களில் சிலரும் தங்கள் தலைவரைப் பற்றி, தங்கள் அறக்கட்டளையைப் பற்றி இப்படி எழுதியிருப்பீர்கள். கோபித்துக்கொள்ளாமல் ஒருமுறை திறந்து பாருங்கள்.

தோழரின் நாலு வரிக்கும் நியாயமான ஒரு மறுப்பு இருந்தது. அவர் சான்று எதுவும் தரவில்லை. இது பொய்க் கணக்கு என்று தன் குரலில் எழுதினார். எங்களுக்குத் தெரியும் என்பது களஞ்சியத்தில் செல்லாது. இதில் சாதி வேற்றுமை இல்லை. அமெரிக்க நாவலாசிரியர் பிலிப் ராத் தன்னுடைய ஒரு நாவல் யாரை வைத்து எழுதப்பட்டது என்ற தகவல் விக்கிப்பீடியாவில் தவறாக இருப்பதாகச் சொன்னபோது, எழுதிய ஆசிரியர் நீங்கள்தான், ஆனாலும் வேறு சான்று வேண்டும் என்று பதில் வந்தது. அவர் 2012-இல் நியூயார்க்கர் இதழின் தளத்தில் நீண்ட திறந்த மடலாக எழுதிய பிறகுதான் அவருடைய விளக்கம் பக்கத்தில் ஏறியது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் திரைக்குப் பின்னால் இருப்பது யார் என்று எவருக்கும் தெரியாத இடத்தில் வேறு என்ன செய்வது? இறையியல் பேராசிரியர் என்று சொல்லிக்கொண்டு விக்கிப்பீடியாவில் உயர்ந்த பொறுப்புகளுக்கு வந்த ஒருவர், அந்தப் பட்டம் எதுவும் இல்லாத 24 வயது இளைஞர் என்று 2007-இல் தெரியவந்தது. பட்டத்தை நம்பாதே, சான்றைப் பார் என்பது அங்கே அனுபவத்தில் வந்த பாடம். பட்டம் மறுக்கப்பட்ட நமக்கு அது நல்லதுதான்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சான்று யார் கையில் இருக்கிறது? கீழ்வெண்மணியை எடுத்துக்கொள்வோம். 1968 டிசம்பர் 25, 44 உயிர்கள். நிலவுடைமையாளர்களைத் தண்டித்த கீழமை நீதிமன்றத் தீர்ப்பை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. கார் வைத்திருக்கும் பெரும் பண்ணையார்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அதன் வாதங்களில் ஒன்று. களஞ்சியத்தின் அளவுகோலில் அந்தத் தீர்ப்பு வலுவான ஆவணம். அன்றைக்கு எரிந்த குடிசைக்கு வெளியே நின்ற ஒருவரின் சொல், யாரும் அச்சில் ஏற்றாதவரை, வெறும் பேச்சு. கூலிச் சண்டை என்று செய்தித்தாள் எழுதினால் அது சான்று. பார்த்த பாட்டி சொன்னால் சொந்த ஆய்வு.

இதற்காக விதியைத் திட்டி என்ன பயன்? ரெட்டமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ இதழையும், அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழையும் தொடங்கியது ஏன்? மற்றவர்கள் அச்சிட்டதே சான்றாகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாம் முகநூலில் எழுதி, இருபது பேர் விருப்பக்குறி போட்டதும் எழுதியாயிற்று என்று எழுந்துபோகிறோம். மறுநாள் அந்தப் பதிவைத் தேடினால் நமக்கே கிடைப்பதில்லை.

இனி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு செய்ததைச் சொல்கிறோம்.

தோழரின் பத்தியைத் திரும்ப எழுதினோம். இந்த முறை அவருடைய அறிவு எங்கே தேட வேண்டும் என்பதைக் காட்டியது. அரசின் பூஜ்ஜியம் எங்கிருந்து வருகிறது என்பது அவருக்குத் தெரியும். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையால் மலம் அள்ளுபவர் என்பதற்கு ஒரு வரையறை, கழிவுநீர்த் தொட்டியையும் சாக்கடையையும் பாதுகாப்பின்றிச் சுத்தம் செய்யும் அபாயகரமான வேலைக்கு வேறொரு வரையறை. இரண்டையுமே சட்டம் தடை செய்கிறது. ஆனால் தொட்டிக்குள் செத்தவர் இரண்டாவது கணக்கில் போய்விடுவதால் முதல் கணக்கு சுத்தமாக நிற்கிறது. இதைப் பொய் என்று நாங்கள் எழுதவில்லை. அரசின் பதிலை அப்படியே விட்டோம். பக்கத்திலேயே சட்டத்தின் இரண்டு வரையறைகளை வைத்தோம். 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் தரச் சொன்ன 2014 மார்ச் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும், அதை 30 லட்சமாக உயர்த்திய 2023 அக்டோபர் தீர்ப்பையும், அவை பற்றிய நாளிதழ்ச் செய்திகளோடு வைத்தோம். இறப்பே இல்லையென்றால் இழப்பீடு எவருக்கு என்று வாசிப்பவர் கேட்டுக்கொள்ளட்டும். பேச்சுப் பக்கத்தில் தோழர் தன்னைப் பற்றி ஏற்கெனவே எழுதியிருந்ததை அழிக்கவில்லை. அப்பா தூய்மைப் பணியாளர், இந்தத் தொகுப்பால் எனக்கு வருமானம் எதுவும் இல்லை, சான்றுகளில் பிழை இருந்தால் காட்டுங்கள் என்று மட்டும் சேர்த்தார். முதலில் குறிப்பு வைத்தவர் வந்து ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டுப் போனார். பத்தி நிற்கிறது.

எங்கள் அமைப்பின் பக்கத்தில் நாங்கள் இனிக் கை வைப்பதில்லை என்று பேச்சுப் பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டோம். விடிவெள்ளியை யாரோ நீக்கிவிட்டார்கள். பக்கமே நீக்கப்படலாம் என்றும் ஒரு விவாதம் ஓடுகிறது. வெளியார் எவரும் எங்களைப் பற்றி விரிவாக எழுதாத நிலையில் அது நியாயமான விவாதம்தான். எங்களுக்குள் இரண்டு தோழர்கள் இதில் இன்னும் கோபமாக இருக்கிறார்கள்.

அன்றைக்கு மூன்றாவதாக ஒன்றும் அழிக்கப்பட்டது. சட்டம் படிக்கும் தோழர் ஒருவர், தன் பாட்டியின் ஊரில் தேநீர்க் கடை வாசலில் தேங்காய்ச் சிரட்டை தொங்கியதைப் பாட்டி சொன்னபடியே எழுதியிருந்தார். அதற்குச் சான்று கிடையாது, எங்கும் தேடியும் இல்லை. பாட்டிக்கு இப்போது 83 வயது. அடுத்த மாதம் அவர் ஊருக்குப் போகிறோம். குரலைப் பதிவு செய்து, ஊரில் அதே வயதுள்ள வேறு இரண்டு பேரிடமும் கேட்டு, தேதி, இடம், பெயரோடு ஒரு சிற்றிதழுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. இதழாசிரியர் எங்கள் நண்பர் அல்ல, வேண்டுமென்றேதான் அப்படி ஒருவரைத் தேடினோம். உங்கள் வீட்டிலும் பாட்டி இருந்தால் கைப்பேசியில் இடம் காலி செய்துகொண்டு போய் உட்காருங்கள். கடையின் பெயர் என்ன, சிரட்டை எந்தப் பக்கம் தொங்கியது, காசை எங்கே வைக்கச் சொன்னார்கள் என்று கேளுங்கள்.